வாசியாத்தம்மன்

சின்ன காஞ்சிபுரத்துக் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட வரிசையில் நின்றவர்களிடம், அந்த இரண்டு பல்லிகளுக்கும் மூன்றாவதாக ஒரு தம்பி இருந்தான், பாகப்பிரிவினையில் கோபித்துக்கொண்டு ஆற்காட்டு நவாபிடம் போய்விட்டான் என்று சொல்லியிருக்கிறேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு அம்மாள் மட்டும், "ஆற்காட்ல எந்தத் தெருவுல இருக்குது?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கோயிலிலிருந்து தென்னேரிக்கு ஒரு சுரங்கம் உண்டு, அதில் கன்றாக நுழைந்த மாடு நாலு வருஷம் கழித்துத் தன் கன்றோடு வெளியே வந்தது என்றும் சொன்னேன். மாடு சினைப்பட்டது எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

இவற்றால் எவருக்கும் கெடுதல் வந்ததில்லை. கெடுதல் ஒரு கல்லால் வந்தது.

முப்பத்திரண்டு வருஷம் நான் கல்வெட்டுகளுக்கு மைப்படி எடுக்கிற வேலை பார்த்தேன். கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்துக் குழிகளுக்குள் தாள் இறங்கும்வரை பிரஷ்ஷால் அடிக்க வேண்டும். ஈரம் சுண்டுகிற நேரம் பார்த்து மையை ஒற்றினால், கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்தாகக் கல்வெட்டு வரும். படிக்கிறவர் வேறு, அடிக்கிறவன் நான். ஆயிரம் வருஷத்து அரசர்களைச் சம்பளம் வாங்கிக்கொண்டு அடித்தவன் எங்கள் காலனியிலேயே இந்த முனிரத்தினம் ஒருவன்தான்.

காலனி தென்னேரிப் பக்கம். எனக்குக் குடித்தனம் காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில். ஆனால் செத்தால் காலனி இடுகாட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே முதல் வரிசையில் என் மனைவி பொன்னியம்மாள் ஒன்பது வருஷமாகப் படுத்திருக்கிறாள். அவள் பக்கத்தில் ஆறடி எனக்கென்று விட்டுவைத்திருந்தேன். உயிரோடு இருந்தபோது கட்டிலில் எனக்கு அவள் விட்டதைவிட அது அதிகம்.

இடுகாட்டுக்குப் போகும் வழியின் வாயில், வேப்ப மரத்தடியில் அந்தக் கல் நின்றது. இடுப்புயரம், பதினோரு வரி. வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவ்வளவு தேய்மானம். எண்பத்தேழாம் வருஷம் பங்குனியில் ராமராஜன் ஐயா என்கிற கல்வெட்டு வாசிப்பவரோடு போய் அதற்கு நான் மைப்படி எடுத்தேன். மை காய்வதற்குள் அவர் உதடு அசைய ஆரம்பித்துவிட்டது.

"முனிரத்தினம், இது உங்க ஆளுங்க கல்லுய்யா" என்றார்.

ஏரி உடைய இருந்த மழையில் ஒருவன் மதகின் வாயில் இறங்கித் தன் உடம்பை வைத்து அடைத்திருக்கிறான். கரை நின்றது. அவன் நிற்கவில்லை. ஊர்ச் சபை கூடி, அவன் வழியில் வந்தவர்கள் புதைக்கவும் போகவரவும் அந்த நிலத்தை விட்டிருக்கிறது. வழியை மறித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று கடைசி வரியில் சாபம். அவன் பெயர் இருந்த இடம் மட்டும் பொரிந்துபோயிருந்தது. ராமராஜன் ஐயா அரைமணி நேரம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "பேரு போச்சேய்யா" என்றார். இன்றுவரை அது யாருக்கும் தெரியாது.

நல்ல படி அலுவலகத்துக்குப் போனது. போனது போனதுதான், அச்சிலும் வரவில்லை, பிறகு தேடியபோது கிடைக்கவும் இல்லை. மை பரவிய இன்னொரு படியைச் சுருட்டி நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் விமல்ராஜ் என்று ஒரு பையன் கேமராவோடு பிள்ளையார்பாளையம் டீக்கடையில் என்னைப் பிடித்தான். யூடியூபில் மர்மங்கள் போடுகிறவன்.

"தாத்தா, யாருக்குமே தெரியாத மர்மம் ஒண்ணு சொல்லுங்க. கெத்தா இருக்கணும்."

அவனைக் கல்லுக்கே கூட்டிக்கொண்டு போனேன். வாழ்க்கையில் ஒருமுறை உண்மையைச் சொல்லிப் பார்ப்போம் என்று தோன்றிவிட்டது. மழை, மதகு, நிலம், எல்லாம் சொன்னேன். பாதியில் கேமராவை இறக்கிவிட்டான்.

"நல்லாதான் இருக்குது தாத்தா. ஆனா சுடுகாட்டுக்கு வழி வுட்டாங்கன்னு சொன்னா எவன் பாப்பான்? ரெண்டு செகண்ட்ல தள்ளிவுட்டுப் போய்க்கினே இருப்பான்."

"ஒருத்தன் வெள்ளத்துல ஒடம்ப வெச்சு மதகை அடைச்சிருக்கான்பா."

"அவன் பேரு இன்னா?"

"தெரியாது."

"பாத்தீங்களா."

எனக்குச் சுருக்கென்றது. எழுபத்து மூன்று வயதில் ஒருவன் சொன்ன ஒரே உண்மை போணியாகவில்லை என்றால் சுருக்கென்னாதா?

"சரி, கேமராவைத் தூக்கு" என்றேன். "இந்தக் கல்லுல இருக்குறதப் படிச்ச மூணு பேரும் செத்துட்டாங்க. மூணு பேரும். படிச்சா சாவு. அதான் அதுக்கப்புறம் இன்னிக்கி வரைக்கும் ஒருத்தனும் படிக்கல."

வீடியோவில் நான் பெயர் சொன்ன ராமராஜன் ஐயா செத்தது உண்மை. எண்பத்தெட்டு வயதில், பேத்தி கல்யாணத்தில் இரண்டாம் பந்தி சாப்பிட்டுவிட்டுத் தூக்கத்தில் போனார். மற்ற இருவர் பிறக்கவே இல்லை. கல்லில் சாபம் இருந்ததும் உண்மை. நான் ஆளை மட்டும் மாற்றினேன். மறிக்கிறவன் மேல் இருந்ததைத் தூக்கிப் படிக்கிறவன் மேல் வைத்தேன்.

பதினான்கு லட்சம் பேர் பார்த்தார்கள். முதல் மாதம் கார்கள் வந்தன. இரண்டாம் மாதம் எலுமிச்சம்பழங்கள் வந்தன. ஆடி மாதத்தில் கல்லுக்கு மஞ்சள் புடவை கட்டியிருந்தார்கள். யார் வைத்த பெயரோ, வாசியாத்தம்மன். வாசிக்கக் கூடாத அம்மன். என் கதையிலேயே பெண் கிடையாது. புடவை மட்டும் எங்கிருந்தோ வந்துவிட்டது.

ஊர்ப்பக்கத்து அர்ஜுனன் கோயில் கட்டும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். நிலபுலம், நாலு லாரி, கட்சியில் பதவி. அவர் மகளுக்கு எட்டு வருஷமாகக் குழந்தையில்லை. வேப்ப மரத்தில் தொட்டில் கட்டிய அடுத்த தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. அந்த மனிதர் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அவர் நிஜமாகவே நம்பினார்.

கோயில் என்றால் மதில் வேண்டும். மதிலுக்குக் குறித்த கயிறு எங்கள் வழியை மறித்து, இடுகாட்டின் முதல் வரிசையையும் உள்ளே இழுத்துக்கொண்டது. இதைச் சொல்லத்தான் கிரேஸ் வந்தாள். என் செத்துப்போன தம்பியின் மகள். வாலாஜாபாத்தில் பத்திரம் எழுதுகிற இடத்தில் டைப் அடிக்கிறாள். சண்டை போடும்போதும் டைப் அடிப்பது போலத்தான் பேசுவாள்.

"பெரியம்மா சமாதி காம்பவுண்டுக்குள்ள போவுது. எங்கப்பாது போவுது. இனிமே யாரு செத்தாலும் ஏரிக்கரையைச் சுத்தி மூணு கிலோமீட்டர் தூக்கிக்கினு போவணும். எங்கம்மா படுத்துக்கினு இருக்குது, இன்னிக்கோ நாளைக்கோ. போங்க பெரியப்பா. உங்க பொய்ய நீங்களே போயி ஒடைங்க."

போனேன். வெள்ளிக்கிழமை, கூட்டம் நிறைய. அர்ஜுனனிடம் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"தலைவரே, அது பொய்யி. நான்தான் சொன்னேன். படிச்சவங்க யாரும் சாவல."

"ராமராஜன்னு ஒருத்தரு சாவல?"

"செத்தாரு. ஆனா கல்யாணச் சாப்பாடு சாப்ட்டு செத்தாரு."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"எண்பத்தெட்டு வயசுங்க அவருக்கு!"

"அம்மா அவ்ளோ நாள் டைம் குடுத்திருக்கா" என்றது ஒரு குரல்.

அர்ஜுனன் என் தோளைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்தார். அவருடைய அப்பா என்னை வாழ்நாள் முழுக்க 'டே' என்றுதான் கூப்பிட்டார். இவர் பெரியவரே என்பார். உலகம் முன்னேறியிருக்கிறது.

"பெரியவரே, உங்க வாயாலதான் அம்மா வெளிய வந்தா. இப்ப அதே வாயால இல்லேன்றீங்க. அப்ப என் பேத்தி இன்னா, உங்க பொய்யிக்கா பொறந்தா?"

அந்தக் குழந்தையும் அங்கேயே இருந்தது. என் கைத்தடியை வாயில் வைத்துச் சப்பியது. தடியை அதனிடமே விட்டுவிட்டேன்.

கமலாட்சி எனக்கு விபூதி பூசிவிட்டாள். எங்கள் காலனிக்காரி, பொன்னியம்மாளோடு நாற்று நட்டவள். "வயசாயிடுச்சில்ல மாமா" என்று எல்லோருக்கும் கேட்க ஆறுதல் சொன்னாள். "ரகசியத்த வெளிய சொன்னதுக்கு அம்மா மாமாவோட புத்தியக் கொஞ்சம் தொட்டுட்டா."

வீட்டுக்கு வந்தால் கிரேஸ் வாசலில் நிற்கிறாள்.

"சரி, பேச்ச வுடுங்க. அந்தக் காகிதம்? ரெண்டாவது படி எடுத்தீங்களே, வீட்ல இருக்குதுன்னு சொல்வீங்களே?"

அது இருந்தால் போதும். பரண், டிரங்குப் பெட்டி, அரிசிப் பானைக்குப் பின்னால் என்று தேடினோம். கடைசியில் அலமாரிக்கு மேலே கை விட்டேன். பொன்னியம்மாளின் கூடை கையில் தட்டியது. அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களுக்கு குறுக்கே ஓடும் ஊடை நூலைக் குச்சிகளில் சுற்றித் தாராக்கிக் கொடுத்தவள். சுற்றிய தாரைப் போட்டுவைக்கக் கூடை வேண்டும். பழைய காகிதத்தை வெந்தயத்தோடு மூன்று நாள் ஊற வைத்து, உரலில் இடித்து, கவிழ்த்த பானைமேல் அப்பிக் காய வைத்து உரித்தால் கூடை. எல்லார் வீட்டிலும் இந்தக் கூடை பழுப்பாக இருக்கும். எங்கள் வீட்டில் ஒன்று மட்டும் சாம்பல் நிறம். ஏன்டி இப்படி இருக்கிறது என்று அப்போதே கேட்டேன். "ஏதோ கரி பூசின கெட்டித் தாளு, உத்தரத்துல சொருவியிருந்துது. நல்லா இடிபட்டுச்சி" என்றாள். நானும் கூடை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன்.

ஏரியை உடம்பால் அடைத்தவன், அவனுக்கு நிலம் விட்ட சபை, கங்கைக் கரையின் காராம்பசு, எல்லோரும் வெந்தயத்தோடு அரைபட்டு அலமாரி மேல் கவிழ்ந்து கிடந்தார்கள்.

கிரேஸ் கூடையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரே ஒரு எழுத்தாவது தெரியுதா பெரியப்பா?"

"இதோ, இங்க ஒண்ணு வெள்ளையாத் தெரியுது பாரு" என்றேன். அது வெந்தயத் தோல்.

இனி கல்லில்தான் எடுக்க வேண்டும். கிரேஸ் சென்னையில் கல்வெட்டு படிக்கும் சந்தியா என்ற ஆராய்ச்சி மாணவியைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தாள். சாபத்துக்குப் பயமில்லையா என்று கேட்டேன். "சார், என் பிஎச்டி கைடைவிடவா?" என்றது அந்தப் பெண். எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

மறுநாள் காலை மகாபலிபுரத்திலிருந்து சிற்பி வந்து அம்மனுக்கு முகம் வடித்துக் கண் திறப்பதாக ஏற்பாடு. அதனால் எங்களுக்கு இருந்தது அந்த ஒரு பகல்தான். அர்ஜுனன் ஆட்களோடு பத்திரிகை வைக்கப் போயிருந்தார். உச்சி வெயில், கல்லிடம் யாருமில்லை. பதினாறு வருஷமாகத் தொடாத பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தாள் ஒட்டவில்லை. மூன்று வருஷத்து விளக்கெண்ணெயும் நெய்யும் கல்லுக்குள் இறங்கியிருந்தன. ஒட்டிய தாள் வழுக்கிக்கொண்டு மடியில் விழுந்தது. சந்தியா போனில் படம் எடுத்துப் பார்த்தாள். எண்ணெய்ப் பளபளப்பும் எங்கள் மூவர் நிழலும்தான் வந்தன. தேய்ந்த கல்லுக்கு வெளிச்சம் போதாது. தாள் குழியில் இறங்கினால்தான் பேசும்.

சீயக்காய் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். அப்போதுதான் கமலாட்சி இரண்டு பெண்களோடு வந்தாள்.

"மாமா! அபிஷேகமா? ஒரு வார்த்த சொல்லல பாத்தியா!"

நான் வாயைத் திறப்பதற்குள் புடவையைத் தூக்கிச் சொருகிவிட்டாள். மூன்று பேரும் ஏரியிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். என் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷத்தில் எந்தக் கல்லும் அப்படிக் கழுவப்பட்டதில்லை. எண்ணெய் முழுக்கப் போய்விட்டது. கல் வெயிலில் சாம்பல் பூத்துக் காய்ந்தது. அவர்கள் பூ வாங்கப் போனார்கள்.

தாளை ஒட்டினேன். அடித்தேன். கை மறக்கவில்லை. இடமிருந்து வலமாக, நடுவிலிருந்து ஓரமாக, காற்றுக் கொப்புளம் இல்லாமல். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தாளில் குழிந்தன. கிரேஸ் மூச்சை அடக்கிக்கொண்டு என் பக்கத்தில் குந்தியிருந்தாள். மை ஒற்ற இன்னும் கால் மணி ஈரம் சுண்ட வேண்டும்.

சந்தியாவால் பொறுக்கவில்லை. குனிந்து, விரலால் காற்றில் தடவி, "ஸ்வஸ்திஸ்ரீ..." என்று ஆரம்பித்தாள். ஒரு வரி தாண்டி, "...ஏரி..." என்றாள்.

பின்னால் பூக்கூடை விழுந்தது.

"அய்யய்யோ! படிக்குதே! பொண்ணு படிக்குதே!"

அறுபத்தைந்து வயதுக்காரி அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. கமலாட்சி ஒரு கையால் சந்தியாவின் கண்ணைப் பொத்தினாள். இன்னொரு கையால் தாளைப் பிடித்து இழுத்தாள். ஈரத் தாள். சத்தமே வரவில்லை. பிட்டு மாதிரி உதிர்ந்து கையோடு வந்தது. அதைப் பிசைந்து உருண்டையாக்கி ஏரியில் வீசினாள்.

"கமலாட்சி! உங்கம்மாவப் பொதைச்ச எடம்டி அது! அதுக்குத்தான்டி எடுக்குறோம்!" என்று கத்தினேன்.

"இருக்கட்டும் மாமா. செத்தவங்களுக்கு வழி இல்லேன்னா சுத்திக்கினு போவாங்க. இது பச்சப் புள்ள. கல்யாணம் காட்சி பாக்க வேணாமா? நீயே சொன்னியே மாமா, படிச்ச மூணு பேரும்..." சந்தியாவின் நெற்றியில் மஞ்சளைத் தேய்த்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து, ஒரு உயிரைக் காப்பாற்றியவள் அழுவது போல அழுதாள். கிரேஸ் அவளைத் திட்ட வாயெடுத்து, திட்டாமல் விட்டுவிட்டாள். யாரைத் திட்ட வேண்டுமோ அவரைப் பார்த்தாள்.

இன்னொரு தாள் ஒட்டுவதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். மறுநாள் சிற்பி வந்தார். கிரைண்டிங் மெஷினால் கல்லின் முகத்தை வழவழப்பாக்கினார். பொடி பறந்து வேப்பிலையெல்லாம் வெள்ளையானது. பிறகு உளியை எடுத்து, மூன்றாவது வரி இருந்த இடத்தில் இரண்டு கண்களைத் திறந்தார். நல்ல வேலைக்காரர். எங்கே நின்றாலும் அது நம்மையே பார்க்கிறது.

கிரேஸ் தாலுகா ஆபீஸில் மனு போட்டாள். விசாரித்த அதிகாரியிடம் ராமராஜன் ஐயா வாசித்ததை வரி பிசகாமல் சொன்னேன். கூடையைக் காட்டினேன். சந்தியாவும் தான் கண்டது 'ஏரி' என்ற சொல் வரைக்கும் என்று நேர்மையாக எழுதிக் கொடுத்திருந்தாள். அதிகாரி போனை என் பக்கம் திருப்பினார்.

"இதுல பேசறது நீங்கதானே?"

"ஆமாங்க."

"இது பொய்யி. இப்ப சொல்றது நெசம்."

"ஆமாங்க."

கொஞ்ச நேரம் வீடியோவையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "பெரியவரே, தப்பா எடுத்துக்காதீங்க. இதுலதான் நீங்க நல்லா பேசியிருக்கீங்க."

ஆவணியில் கும்பாபிஷேகம். எனக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். அம்மனை வெளியே கொண்டுவந்தவன் என்று தலையில் பரிவட்டம் கட்டினார்கள். எங்கள் காலனியில் அதற்கு முன்னால் எவனுக்கும் அந்த மரியாதை நடந்ததில்லை. அர்ஜுனன் என் காதோரம் குனிந்தார்.

"பெரியவரே, உங்க வீட்டம்மா சமாதி மதிலுக்குள்ள வந்துடுச்சின்னு வருத்தம் வேணாம். உங்களுக்கும் இங்கியே, பக்கத்துலயே எடம் வுட்டுடறேன். சித்தர் சமாதி மாதிரி கட்டிடலாம்."

நான் ஆசைப்பட்டது அந்த ஆறடிதான். கையில் கொடுக்கிறார். மதிலுக்கு வெளியே கிரேஸ் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பத்து நாள் முன்னால்தான் அவள் அம்மா பூவம்மாளை ஏரிக்கரையைச் சுற்றித் தூக்கிப் போனோம். பாதி வழியில் தோள் மாற்ற ஆளில்லாமல் பாடையைக் கரைமேல் இறக்கி வைத்துத் தண்ணீர் குடித்தோம்.

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். குரலைத் தழைத்துக்கொண்டேன்.

"தலைவரே, நேத்து அம்மா கனவுல வந்தா. மஞ்சப் பொடவ. என் வழிய ஏன்டா மறிச்சாங்கன்னு கேட்டா. மதில்ல ஒரு கதவு வெச்சி, காலனிக்காரங்கள வுடச் சொன்னா. இல்லேன்னா..."

அர்ஜுனன் சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். கமலாட்சிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது எப்பிடி பெரியவரே, அம்மா கனவுல வந்தா மட்டும் உங்க ஆளுங்களுக்கு சாதகமாவே பேசுறா?"

எழுபத்தாறு வயது வரை நான் சொன்ன பொய்களில் அவர்கள் கண்டுபிடித்தது இது ஒன்றைத்தான்.

சமாதிக்கு இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பெருந்தன்மை இல்லை. பூவம்மாளைத் தூக்கிய தோள் இன்னும் வலிக்கிறது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். பொன்னியம்மாளைப் பார்க்க இப்போது பொது தரிசன வரிசையில் நிற்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஆகும். அம்மனைக் கும்பிடாமல் அந்தப் பக்கம் விடமாட்டார்கள், அதனால் கும்பிடுகிறேன். கண் நன்றாக இருக்கிறது. அன்னதானக் கூடத்துக்குப் பின்னால், அவள் தலைமாட்டில், சாப்பிட்டவர்கள் கை கழுவ வரிசையாக ஆறு குழாய் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது குழாய் சொட்டுகிறது. இறுக்கி மூடிவிட்டு வருவேன். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி சொட்டிக்கொண்டிருக்கும்.